குரல் பொருந்தவில்லை

"சொல்லு, பிறந்த தேதி?"

"பதினேழு, ஆகஸ்ட். சரிதானேண்ணே?"

லிப்ட் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். மாடி வீட்டுக்காரி அரை மணி நேரமாக அவருடைய மனைவியின் பிறந்த தேதி, போன் நம்பர், ஆர்டர் நம்பர் மூன்றையும் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள்தான் அவருக்கு மனைவி.

உண்மையான மனைவி எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் சுற்றிய துணியை அவிழ்க்கவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள். இப்போது ஒன்பது விரலைக் காட்டி மாதத்தைத் திருத்தினாள். முறைப்பு மட்டும் மாறவில்லை.

"அக்கா முறைக்கிறதைப் பார்த்தா படிச்சதெல்லாம் மறந்து போகுது."

"அவ கிடக்கட்டும், நீ படி. அஞ்சு மணிக்குள்ள கம்பெனியில ஆளைச் சரிபார்க்கலைன்னா ஆர்டர் கேன்சல். அவங்ககிட்ட இருக்கிறதே ஒரே ஒரு பீஸ்."

திங்கட்கிழமை டீச்சரின் லீவு முடிகிறது. ஆர்டர் போட்ட பெட்டி வராமல் வகுப்புக்குள் போக முடியாது. போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கணக்கு அவள் பெயரில், கார்டு இவர் பெயரில் என்ற ஒரே குற்றத்துக்காக ஆன்லைன் கம்பெனி ஆர்டரை நிறுத்திவைத்து எட்டு நாளாகிறது.

முதல் நாளே மெக்கானிக் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தார். "அப்படின்னா அது வேற டிபார்ட்மென்ட் சார். ஃபார்ம் அனுப்பறோம், இருபத்தொரு நாள் ஆகும்" என்றார்கள். அன்றோடு உண்மைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டார்.

நாலு இருபதுக்கு லைன் கிடைத்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு பதிவுக் குரல் அரை மணி நேரம் உருகித் தீர்த்தது. ஒருவழியாக ஒரு பெண் வந்தாள்.

"கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் சார் பேசுவேன்."

"இதோ, என் வொய்ஃப் பக்கத்துலயே இருக்கா."

மாடி வீட்டுக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றையும் தப்பில்லாமல் ஒப்பித்தாள். மெக்கானிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"எல்லாம் சரி மேடம். கடைசியா, 'என் குரல்தான் என் சாவி'ன்னு சொல்லுங்க."

சொன்னாள். அந்தப் பக்கம் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"குரல் பொருந்தலை மேடம்."

"சளி மேடம், ரெண்டு நாளா..." என்று இருமிக்கூடக் காட்டினாள்.

மெக்கானிக் போனைப் பிடுங்கினார். "இவதாம்மா அவ, என்னை நம்பு!"

"கணக்கு ஆரம்பிச்சப்போ அவங்களே பதிவு பண்ணது சார். நீங்களே கேட்டுப் பாருங்க."

ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. 'என் குரல்தான் என் சாவி.' கடைசிப் பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல். கூடவே ஒரு சிரிப்பு. 'இப்படிச் சொன்னா போதுமாங்க?'

மாடி வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சரின் கை கழுத்துத் துணிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தக் குரல் வேணும் சார். இவங்களை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, இப்பவே அனுப்பி வச்சிடறேன்."

மெக்கானிக் வாயைத் திறந்தார். இருபத்தொரு நாள் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் மனசு வையும்மா. உன் அண்ணன் மாதிரி நினைச்சுக்கோ."

"என் கையில எதுவும் இல்லை சார். சிஸ்டம் கேக்குது."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தானது.

"சாரி சார், டைம் முடிஞ்சுது." அந்தப் பெண் திரையில் இருந்ததை அதே இனிமையோடு படித்தாள். "'தொண்டையில் வைத்துப் பேசும் கருவி, எண்ணிக்கை ஒன்று.' உங்க ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

போனை வைக்கப் போன மெக்கானிக்கின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். போனைக் காட்டி ஒற்றை விரலை உயர்த்தினாள். அவள் முகத்தில் இப்போது முறைப்பு இல்லை.

அவர் போனை மறுபடி காதில் வைத்தார்.

"அந்தக் குரலை இன்னும் ஒரே ஒரு தடவை போடும்மா... அவ கேக்கணுமாம்."