இரண்டு குழலிலும்

கமலவேணி துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறி வைத்தாள்.

களத்தில் மூன்று பேர் நின்றார்கள். உலரப்போட்ட காப்பிப் பழங்களை மிதித்துக்கொண்டே வந்திருந்தார்கள். மூத்தவன் கையில் அரிவாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், கதவை ஒட்டி, சுகந்தி. அவர்களுடைய தங்கை. தோட்டத்து ஜீப் ஓட்டும் ஜெயசீலனைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். அவன் வேறு சாதி. அண்ணன்மார்களுக்கு அவள் அன்றைக்கே செத்துவிட்டாள். மிச்ச வேலையை முடிக்க வந்திருந்தார்கள்.

ஜெயசீலன் மூட்டைகளோடு வத்தலக்குண்டுக்கு இறங்கியிருந்தான். அது தெரிந்துதான் வந்தார்கள்.

"கெழவி, வெலகு. இது எங்க வீட்டு விவகாரம்."

"நீ நிக்கிறது என் வீடு."

மூத்தவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

அவள் துப்பாக்கியின் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாள்.

அந்தச் சத்தத்துக்கு அவன் கால் நின்றது. சற்று நேரம் குழலையே பார்த்தான். பிறகு மூவரும் முதுகைக் காட்டாமலே கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

அவர்கள் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போயிருந்தார்கள். அரிவாளை வழியில் எங்கேயோ எறிந்துவிட்டு, தங்கச்சியைப் பார்க்கப் போன இடத்தில் அந்தம்மா துப்பாக்கியை நீட்டிவிட்டது என்று புகார்.

மதியம் போலீஸ் ஜீப் வந்தது. பழம் பறிக்கும் பெண்களைக் கூப்பிட்டுச் சுகந்தியைச் சுற்றி உட்கார வைத்துவிட்டு, துப்பாக்கியை ஒரு போர்வையில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏறினாள்.

ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் மூவரும் இருந்தார்கள். ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே பேசுவதெல்லாம் அங்கே கேட்கும்.

"அரிவாளோட வந்தாங்க சார்."

"அவங்க கையில ஒண்ணுமில்லன்றாங்களேம்மா," என்றார் எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். புதிதாக மாற்றலாகி வந்தவர். அதற்குள் போன் அடிக்க, எழுந்து ஓரமாகப் போனார்.

ஏட்டு அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். வைக்கிற சாக்கில் குனிந்தார்.

"கமலவேணிம்மா, தோட்டா போடலன்னு சொல்லிருங்க. சும்மா மெரட்டத்தான் எடுத்தேன்னு சொல்லுங்க. இல்லாட்டி கேஸு, கோர்ட்டுன்னு இந்த வயசுல நாய் மாதிரி அலையணும்."

அது பொய்கூட இல்லை.

தோட்டா வாங்கி வருஷக்கணக்காகிறது. அவள் கணவர் இருக்கும்போதே தீர்ந்துபோனது. அவர் போன பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாளே தவிர, சுவரிலிருந்து அதைக் கழற்றியதில்லை. காட்டுப்பன்றி வந்தால் தகரத்தைத் தட்டினாள். போதுமாயிருந்தது.

உள்ளதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேரலாம்.

ஜன்னலுக்கு அப்பால் பேச்சு நின்றிருந்தது. மூத்தவன் தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

எஸ்.ஐ. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தோட்டா இருந்துச்சாம்மா?"

கதவோரம் நின்றபோது சுகந்தி அவள் முந்தானையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இன்னும் இடுப்பில் இருந்தது.

"இருந்துச்சு சார்." குரலை வேண்டுமென்றே உயர்த்தினாள். "ரெண்டு குழல்லயும்."

ஏட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப எங்க அது?"

"ஓடையில எறிஞ்சுட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. சுட்டிருப்பீங்களா?"

"இன்னொரு எட்டு வச்சிருந்தா சுட்டிருப்பேன். நாளைக்கு வந்தாலும் அதேதான். எழுதிக்கங்க."

எஸ்.ஐ. போர்வையைப் பிரித்தார். துப்பாக்கியை மடக்கித் திறந்தார். ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடிக் குழலுக்குள் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

விரலை விட்டுச் சுரண்டினார். மேஜைமேல் சிவப்பாக மண் உதிர்ந்தது. காய்ந்த மண். குளவி கட்டிய கூடு.

அவளுக்குக் காது சுட்டது. அதை அவள் பார்த்திருக்கவே இல்லை.

எஸ்.ஐ. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் பார்வையை இறக்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே தெரிந்த தலையைப் பார்த்தார்.

உள்ளங்கையால் மண்ணை வழித்துக் கீழே தள்ளினார். துப்பாக்கியைப் படக்கென்று மூடினார்.

"எழுதுங்க ஏட்டய்யா," என்றார், வராந்தாவரை கேட்கும்படி. "சோதித்துப் பார்த்ததில் துப்பாக்கி நல்ல நிலையில் உள்ளது. ரெண்டு குழலும்."

ஏட்டு பேனாவைப் பிடித்தபடி ஒரு கணம் விழித்தார். பிறகு எழுதினார்.

"கேஸ் வரும்மா," என்றார் எஸ்.ஐ., குரலைத் தணித்து.

"வரட்டும் சார்."

"லைசென்ஸும் போகலாம்."

"போகட்டும்."

"கலெக்டர் ஆபீஸ்லேருந்து கேட்டு வர்ற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்." துப்பாக்கியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "பத்திரம்."

அவள் அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போர்வையில் சுற்றவில்லை.

வராந்தாவில் மூத்தவன் வழியை மறித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

அவள் அவன் முன்னால் நின்றாள்.

அவன் கால்களை மடக்கிக்கொண்டான்.