‘தூங்கு’ எடுத்த லீவு

‘தூங்கு’ என்ற சொல் தள்ளாடியபடி அகராதிக்குள் வந்தது.

“ஊரையே தூங்க வைக்கிறேன் அக்கா, எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.”

வெகுகாலமாக யாரும் கூப்பிடாத ‘துயில்’ நகர்ந்து இடம் விட்டது. “என் வரியில படுத்துக்கோ. இங்கே யாரும் வர மாட்டாங்க.”

அதற்குள், காய்ச்சலில் இரண்டு நாளாகக் கண் மூடாத மகளின் தலையைக் கோதியபடி ஒரு தாய் ‘தூங்கு’ என்று சொல்ல வாயெடுத்தாள்.

‘தூங்கு’ பதறி எழுந்தது.

“நீ படு, நான் போறேன்,” என்றது துயில்.

“உங்களை அந்தக் குழந்தைக்குத் தெரியாதே அக்கா!”

துயில் போய்விட்டது.

“துயிலுடா கண்ணு,” என்ற தாய்க்கே வியப்பு.

“அப்படின்னா என்னம்மா?” என்று கேட்ட மகள், பதில் வருவதற்குள் உறங்கிப்போனாள்.

திரும்பிவந்த துயில், குறட்டை விடும் தங்கைக்கு மெதுவாகத் தாளைப் போர்த்திவிட்டது.