குடும்பப்பெயர்க் கட்டம்

ஜாவாவின் யோக்யகர்த்தா கல்லூரியின் பயண அலுவலர் சுகியார்தோ, மாணவி லஸ்மினியின் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

"ஜப்பானுக்குப் பதினஞ்சு நாள் படிக்கப் போறியா, எங்கூட மல்லுக்கு நிக்க வந்தியா? குடும்பப்பேரு எங்கே?"

"ஜாவாக்காரிக்கு ஏது குடும்பப்பேரு, ஐயா? எனக்கு ஒரே பேருதான்."

"கட்டம் காலியா இருந்தா அவங்க ஏத்துக்க மாட்டாங்க. இன்னைக்குக் கடைசி நாள். அப்பா பேரை எழுதித் தொலை!"

"மாட்டேன்."

"அப்பா மேல அப்படி என்ன கோபம்?" அவர் குரல் இறங்கியது.

லஸ்மினி, பின்னால் நின்ற வரிசைக்குக் கேட்காதபடி குனிந்து மெல்லச் சொன்னாள்: "கோபமே இல்லை. தேர்வுல முதலாவதா வந்து வாங்கின இடம் இது. உங்க பேரை எழுதினா, அப்பாவே மகளுக்குக் கொடுத்துட்டாருன்னு சொல்லுவாங்க."

காலிக் கட்டத்தில் தன் பெயரையே மறுபடியும் எழுதி நீட்டினாள்.

வரிசை முழுவதும் கேட்கும்படி சுகியார்தோ உரக்கப் படித்தார்: "லஸ்மினி லஸ்மினி!"