வலிக்காத பக்கம்

இன்னும் கிட்ட வாங்க, கண்ணுகளா. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஒரு மாமன் மடி அளவுதான் இருக்கும்.

ஆவுடை மடியில் ஏறி உட்கார்ந்தாள். வழக்கம்போல மாமன் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். சட்டையைத் தூக்கி, வயிற்றின் வலப்பக்கத்தைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் இல்லட்டி ஆவுடை," என்றாள் அம்மா.

பிள்ளை சட்டையை இறக்கிவிட்டாள்.

ஏழு வயது ஆவுடைக்கு. இன்சுலின் சுரக்காத உடம்பு. இடுப்பில் ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய். குழாயின் நுனி தோலுக்கு அடியில் இருக்கும். அது வழியாகத்தான் நாள் முழுக்க மருந்து உள்ளே போகும்.

அந்த நுனியை அடிக்கடி கழற்றிவிட்டுப் புதிதாகக் குத்தவேண்டும்.

முதல் தடவை வீடே அதிர அழுதாள்.

காது குத்தின அன்றைக்குத் தாய்மாமன் மடியில் எப்படி அடங்கி இருந்தாள் என்று அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

தம்பி சங்கிலிக்குப் போன் போட்டாள்.

அவன் வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவன். கறை பிடித்த சட்டையோடு வந்து மடி கொடுத்தான். அதற்கப்புறம் ஒரு தடவையும் வராமல் இருந்ததில்லை.

"ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் ஒரு காதுகுத்து. எம் மருமகளுக்கு வாரத்துக்கு ரெண்டு," என்பான்.

"அப்பம் சீர் எங்க மாமா?"

"மண்டியில ஒரு லாரி தார் நிக்கி. எடுத்துக்கோ."

"லாரி எனக்கு, தார் ஒங்களுக்கு."

அவள் சிரிப்பாள். சிரிக்கிறபோதே அம்மா குத்திவிடுவாள்.

அப்படிச் சாய்ந்தால் வலப்பக்கம்தான் வெளியே இருக்கும். அதனால் எப்போதும் அங்கேதான்.

இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அம்மா மாற்றாமலும் இல்லை. ஒரு விரல் தள்ளிக் குத்துவாள். அடுத்தாற்போல் இன்னும் ஒரு விரல்.

போகப் போகப் பிள்ளை அழுவதை விட்டாள். ஊசி இறங்குவதே தெரியவில்லை என்றாள்.

அம்மா அந்த இடத்தைக் கும்பிடாத குறை.

பிறகு பிள்ளைக்குத் தாகம் வந்தது. சொம்பு சொம்பாகக் குடித்தாள். டாக்டரிடம் போனில் கேட்டு மருந்தைக் கூட்டிப் பார்த்தாள் அம்மா. சர்க்கரை இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் வகுப்பில் வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டாள்.

சங்கிலிதான் ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு ஓடினான். அவ்வளவு சுமை தூக்குகிறவன். அன்றைக்கு மட்டும் அவனுக்கு மூச்சு வாங்கியது.

பிழைத்தாள்.

மெஷினில் கோளாறு இல்லை. குழாயிலும் அடைப்பு இல்லை.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். வலப்பக்கத்தில் அவர் விரல் நின்றது. தோலுக்கு அடியில் தடிப்பு.

ஒரே பக்கம் குத்திக் குத்திச் சதை தடித்துவிட்டது. அதனால்தான் வலி தெரியவில்லை. மருந்தும் அங்கேயே தங்கிவிடுகிறது, உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

அம்மா தலை நிமிரவில்லை. அழாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் குத்தியவள் அவள்தானே.

வீட்டுக்கு வந்தபின் அவள் கையால் இன்றைக்குத்தான் முதல் குத்து.

பழைய நுனியைக் கழற்றியாயிற்று. புதியதைக் குத்துகிற வரைக்கும் மருந்து ஒரு சொட்டும் போகாது. ரொம்ப நேரம் அப்படி விடக் கூடாது.

"அங்கயே போடும்மா. அங்கதான் வலிக்காது."

அம்மா தம்பியைப் பார்த்தாள்.

சங்கிலி இன்றைக்கு வேடிக்கை எதுவும் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கினான். மறுபக்கமாகத் திருப்பி மடியில் வைத்தான்.

இப்போது இடப்பக்க வயிறு வெளியே இருந்தது. ஊசி அறியாத சதை. இலவம் பஞ்சு மாதிரி.

அவள் காது மாமனின் இட நெஞ்சில் அழுந்தியது.

அம்மா குத்தினாள்.

பிள்ளை அலறினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அம்மா நுனியின் மேல் பிளாஸ்திரியை அழுத்திப் பிடித்தபடி அந்த அலறலைக் கேட்டாள். காதைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்டாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது.

அழுகை விம்மலாகி, விம்மலும் நின்றது. பிள்ளை அசையாமல் சாய்ந்திருந்தாள். எதையோ உற்றுக் கேட்கிறவள் மாதிரி.

"மாமா, எனக்குத்தான குத்துச்சு? ஒங்க நெஞ்சு ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

சங்கிலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் உள்ளங்கையை அந்தச் சத்தத்தின் மேல் வைத்தாள். அது அடங்கும்வரை எடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், கண்ணுகளா. வலித்தால் வாய்விட்டு அழட்டும். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் எப்போதும் உங்களில் ஒருவர் இருக்கட்டும்.