ஆற்றை ஆக்கள்?

லண்டன் ஹரோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புட்டு ஆறிக்கொண்டிருந்தது. துஷாந்தன் லப்டொப்பை மூடவில்லை.

"மக்டார்வியோ, கில்ரேயோ? இதென்ன கேள்வி?" கிருஷ்ணராசா எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டும் ஸ்கொட்லாந்துக் குலச் சங்கம், அப்பா. வம்சத்தைக் காட்டி ஒண்டிலை சேரலாம்."

"துஷாந்தன் கிருஷ்ணராசா எண்ட பேரோடையோ? ஆற்றை ஆக்கள், எந்தக் குடும்பம் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"அதுக்குப் பிறப்புப் பத்திரம் கிடக்கு."

கிருஷ்ணராசாவின் முகம் இறுகியது. மனைவி பக்கம் திரும்பினார். "ஜெயகௌரி, அந்தப் பத்திரப் பைலை நீர் குடுத்தனீரோ?"

"அவனுக்கு முப்பது வயசாச்சு. கேட்டவன், குடுத்தன்." அவள் ஆறிய புட்டை மூடி வைத்தாள். "போறவனைப் பிடிச்சு வைக்க ஏலுமே?"

துஷாந்தன் விண்ணப்பத்தில் தன் படத்தை ஏற்றினான். செம்பட்டை முடி, பச்சைக் கண்கள், வெள்ளைக் கன்னம் நிறையப் புள்ளிகள். பதினொரு மாதக் குழந்தையாக அவனை அவர்கள் தத்தெடுத்து வந்தபோதும் இதே முகம்தான்.

"மக்டார்வி பெத்தவவின்ரை பக்கம். கில்ரே பெத்த மனுசன்ரை பக்கம்," என்றான். "நான் கில்ரேயிலை சேரப்போறன்."

"ஏன்?" ஜெயகௌரி கண்ணைத் துடைத்தாள்.

"மற்றதிலை தனியத்தான் சேரலாம். இதிலை குடும்பமாய்ச் சேரலாம்." அம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு அவன் வந்தான். "அப்பா, ஒருக்கா எழும்புங்கோ. சங்கத்து உடுப்பு, கில்ட் தைக்க இடுப்பளவு வேணுமாம். இடுப்பிலை சுத்திற கட்டம் போட்ட சாரம்தானே, உங்களுக்குப் பழக்கம்."