முன்சக்கரம் தின்ற தூசி

வெகுதூரத்தில், யாரும் பேர் வைக்காத ஒரு கிரகத்தில், ஆறு சக்கர வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் முன்சக்கரங்களில் ஒன்றுக்கு வாய் அதிகம். மேடு ஏறியதும் கத்தும்: "பாத்தீங்களா, நான் ஏறிட்டேன்! இந்த மண்ணுல முதல்ல கால் வெச்சதும் நான்தான்!"

நேர் பின்னால் உருண்டுவந்த பின்சக்கரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பின்னால இருந்து தள்ளினது யாரு, உன் மாமனாரா? நீ கிளப்புற தூசியைத் தின்னு தொண்டை அடைச்சுப் போச்சு."

"கடைசியா வர்றவனுக்கு என்னடா பேச்சு?" என்று முன்சக்கரம் பாய்ந்தது. பாய்ந்த இடம் புதைமணல். முன்னால் போகப் போக இன்னும் இறங்கியது. மலையின் நிழல் வேறு நெருங்கி வந்தது. வெயில் பட்டால்தான் வண்டிக்கு உயிர். நிழல் மூடினால் ஆறு பேர் கதையும் அதோடு முடிந்தது.

"அண்ணே," என்றது முன்சக்கரம், குரல் இறங்கி. "பின்பக்கமா இழுங்கண்ணே. நீங்க முன்னால போங்க, நான் வர்றேன்."

பின்சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. மற்ற சக்கரங்களும் சேர்ந்து இழுத்தன. நிழல் தொட ஒரு முழம் இருக்கும்போது வண்டி மேலே வந்து, வெயிலைப் பார்த்துப் பின்பக்கமாகவே ஓடியது.

முன்சக்கரம் இருமியது. "அப்பப்பா! எவ்வளவு தூசி கிளப்புறீங்க!"

"நான் எங்கடா கிளப்பினேன்?" என்று சீறியது பின்சக்கரம். "இத்தனை நாளா எனக்கு நீ ஊட்டினதுதான். வாங்கிக்கோ."

அடுத்த மேடு வந்தது. முன்சக்கரம் வாயை மூடிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளியது.