ஷேக்குக்குக் கொடுத்த வாக்கு

மகள் ஹனீனுக்கு இன்னும் படிப்பே முடியவில்லை, அதற்குள் பெண் கேட்டு வந்துவிட்டார்களே என்று சுஆத் மனத்துக்குள் பொருமினாள். மோசூலில் ஒன்றைக் கேட்டு வரும் விருந்தாளி, ‘தந்தோம்’ என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை காப்பியைத் தொடமாட்டார். ஷேக் தஹாமின் கோப்பை எதிரே ஆறிக்கொண்டிருந்தது.

அவள் கண்ஜாடை காட்டுவதற்குள் கணவர் அபூ ஹனீன் முந்திக்கொண்டார். “குடிங்க ஷேக்! நீங்க கேட்க வந்ததைக் கொடுத்தாச்சு.”

ஷேக் ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சிரித்தார்.

“உன் பொண்ணை யாருப்பா கேட்டது, அபூ ஹனீன்? அவ நல்லாப் படிக்கட்டும். நாளைக்கு அண்டை நாட்டோட நடக்கிற பேச்சுவார்த்தையில நம்ம நாட்டுக்காகப் பேசப்போறது உன் வீட்டம்மாதானே? எண்ணெய்க் குழாயை நிறுத்தினதுல எல்லைக்கு அந்தப் பக்கம் தொட்டிகள்ல நம்ம கச்சா எண்ணெய் தேங்கிக் கிடக்கு. அதை அவங்களுக்கே விட்டுடச் சொல்லு. அவங்ககிட்ட வாங்கப்போறது என் மருமகன்.”

கணவரின் முகம் வெளிறியது. “வாக்குக் கொடுத்துட்டேனே, உம்மு ஹனீன்...” என்று மனைவி பக்கம் திரும்பினார்.

சுஆத் குரலை உயர்த்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவர் வாக்கு வாக்குதான். காரு, ஆடு, தோட்டம், எங்களோடது எது வேணும்னாலும் இப்பவே எடுத்துக்குங்க. அந்த எண்ணெய் எங்க வீட்டோடது இல்ல, ஷேக்.”